ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்

2023ஆம் ஆண்டு மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் வளர்பிறை சஷ்டி. செந்தில் ஆண்டவனைத் தரிசித்து, பன்னீர் இலை விபூதியைப் பத்திரமாக முடிந்துகொண்டு, அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை செல்லும் விரைவு ரயிலில் ஏறினார்கள் அடியார்கள் பலர். மற்றவர்களையும் சேர்த்து அந்த வண்டியில் ஏறத்தாழ 800 பேர். வெளியே மழை விட்டபாடில்லை.

எட்டரை மணிக்குச் சற்று முன்னதாகப் புறப்பட்ட வண்டி, ஒன்பது மணிக்குமேல் ஸ்ரீவைகுண்டம் வந்து நின்றது. பிறகு நகரவில்லை. தாதன்குளம், செய்துங்கநல்லூர் நோக்கிச் செல்லும் பாதையை வெள்ளம் அரிக்கிறது என்ற செய்தி கிடைத்ததும், வண்டியை மேற்கொண்டு அனுப்ப நிலைய அதிகாரி மறுத்துவிட்டார். நடுவழியில் வண்டி நின்றால் சலித்துக்கொள்வது நம்மில் யாருக்குத்தான் இல்லை? அன்றும் சிலர் சலித்திருப்பார்கள்.

தண்டவாளத்தைத் தாங்குவது சரளைக்கல். சரளைக்கல்லைத் தாங்குவது மண்கரை. கரையை மீறிப் பாயும் வெள்ளம் மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு போகும். கட்டைகளோடு பிணைந்த இரும்போ அப்படியே அந்தரத்தில் தொங்கும். இருட்டில், கொட்டும் மழையில், என்ஜின் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பாதை பாதையாகவே தெரியும். கீழே ஒன்றுமில்லை என்பது தெரியாது. தண்ணீர் வடிந்தபின் வெளியான படங்களில், கயிற்றுப் பாலம்போல் தொங்கிய அந்தத் தண்டவாளத்தைக் கண்டவர்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பாதை திறக்கப்பட்டது 1923இல். நூறாண்டு நிறைந்த அதே ஆண்டில்தான் அதற்கு இந்தச் சோதனை.

மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை கடந்தது. அந்நதியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு இருக்கும் ஊர் ஸ்ரீவைகுண்டம். மேலே பெய்தது அத்தனையும் இங்கே வந்துதான் கடலை நாட வேண்டும்.

இந்த ஊருக்கும் செந்தூருக்கும் உள்ள உறவு பழையது. ஐந்து வயதாகியும் பேச்சு வராத குமரகுருபரரைப் பெற்றோர் தூக்கிச் சென்றது இங்கிருந்துதான். முருகன் சந்நிதியில் அந்தக் குழந்தை வாய் திறந்து பாடியதை அறியாத அடியார் இல்லை. அன்றிரவோ செந்தூரிலிருந்து திரும்பியவர்கள் இங்கே பேச்சற்று நின்றார்கள். சுற்றிலும் நீர், சாலை இல்லை, மின்சாரம் இல்லை. ஏறத்தாழ 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலுமாக இருந்தனர்.

பசித்தவர்களுக்கு முதலில் சோறு கொண்டுவந்தது பக்கத்துப் புதுக்குடி மக்கள். வீடு வீடாக அரிசியும் பருப்பும் காய்கறியும் திரட்டி, அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். அவர்களுடைய வயலும் வாழையும் நீருக்குள்தான் கிடந்தன. இருப்பதில் பாதியைக் கொடுப்பதைப் பெரிய தானம் என்கிறோம். நாளைக்கு என்ன இருக்கும் என்று தெரியாத பொழுதில் கொடுத்ததற்கு என்ன பெயர் சொல்வது?

பின்னர் ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. கர்ப்பிணி ஒருவரையும் கைக்குழந்தையையும் இன்னும் சிலரையும் விமானப்படையினர் ஏற்றிச் சென்றனர். 19ஆம் தேதி மீட்புப் படையினர் மற்றவர்களை வெள்ளத்தினூடே அழைத்துச் சென்று, வாகனங்களில் ஏற்றி, வாஞ்சி மணியாச்சியில் சேர்த்தார்கள். அங்கிருந்து சிறப்பு ரயில். 20ஆம் தேதி சென்னை.

வீடு சேர்ந்த முதியவர்கள் முருகன் காப்பாற்றினான் என்றார்கள். மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவன் மயில்மேல் வந்து காக்கவில்லை. தன் பொறுப்பில் இருந்த வண்டியை நிறுத்திய ஓர் அதிகாரியின் பிடிவாதமாக வந்தான். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்களாக வந்தான். தெய்வத்துக்கு நன்றி சொல்லும் அவசரத்தில் இவர்களை மறந்துவிட்டால், நம் வழிபாட்டில் ஏதோ ஒரு குறை இருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் பாதைத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அரித்துப்போன கரைக்கு மண் கொட்டினார்கள், இறுக்கினார்கள், கல் பரப்பினார்கள், தொங்கிய தண்டவாளத்தை மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். வெள்ளம் ஓர் இரவில் கொண்டுபோனதைத் திரும்ப வைக்க ஏறத்தாழ மூன்று வாரம் பிடித்தது. ஜனவரி முதல் வாரத்தில் செந்தூருக்கு மீண்டும் ரயில் ஓடியது. அம்மாதம் 25ஆம் தேதி தைப்பூசம். காவடியும் பால்குடமுமாகப் போனவர்களை ஏற்றிக்கொண்டு, அந்தக் கற்களின் மீதேறித்தான் வண்டிகள் ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்தன.