தேய்மானத்தை வாசித்தல்

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் எந்திரத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். தமிழ் பயிற்றும் நாங்களும், வங்கியில் பணியாற்றும் எங்கள் தம்பியும், பொறியியல் பயிலும் அவர் மகனும் சென்ற கோடை விடுமுறையில் கூடி நின்று ஓர் உலோகத் துளையை அளந்தோம். அது வாசிப்புக்குரிய பொருளாகவே எங்களுக்குப் பட்டது. எனவே இக்கட்டுரை.

வண்டி, எங்கள் தந்தையார் 1994இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100. இந்தியாவில் 1985இல் வந்து 1996இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. ஆயினும் இன்றைய இளைஞர்களிடையே அதற்கிருக்கும் மோகம் வியப்புக்குரியது. துளையின் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டனின் ஓட்டமும் 50 மி.மீ.; கொள்ளளவு 98 சி.சி. தந்தையார் மறைந்த பின் கொட்டகையில் கிடந்ததைத் தம்பி மகன் எடுத்தான். வெறுமனே ஓட்டும் எண்ணம் அவனுக்கில்லை. புகைபோக்கி வாயை உயர்த்தி அராவி, பந்தய வண்டிபோல் 'டியூன்' செய்யவேண்டும் என்றான். தம்பிக்கோ அப்பாவின் வண்டியில் அரத்தை வைப்பதே பொறுக்கவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. "முதல்ல அளந்து பார்த்திடுவோம் சார், அப்புறம் சண்டை போடலாம்" என்றார் பட்டறைக்காரர்.

சிலிண்டர் தேய்ந்தால் அதை அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் பொருத்துவார்கள். பட்டறை வழக்கில் இது 'போர் போடுவது'. கால் மில்லிமீட்டர் படிகளில் 0.25, 0.50, 0.75, 1.00 என்று பிஸ்டன்கள் கிடைக்கும். நான்காவது படியோடு இரும்பு உறையின் ஆயுள் முடிந்தது. அப்புறம் புதிய உறைதான். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. எங்கள் சிலிண்டரில் இரண்டு படிகள் முன்பே செலவாகியிருந்தன.

துளை எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேல் எல்லையை அடைந்து ஒரு கணம் நின்று திரும்புகிறது. எரிவாயுவின் அழுத்தம் வளையங்களை அங்கேதான் சுவரோடு மிகுதியாக நெருக்குகிறது. வெப்பமும் அங்கேதான் அதிகம். எண்ணெய்ப் படலமும் அங்கேதான் மெலிகிறது. ஆதலால் மேற்பகுதி அதிகம் தேய்ந்து, துளை கூம்பலாகிறது. அதற்கும் மேலே, வளையம் எட்டாத இடத்தில் தேயாத விளிம்பு ஒன்று நிற்கும். விரல் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். தவிர, இணைப்புத் தண்டு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் முன்பின் திசையில் சுவரை அழுத்துகிறது. வட்டம் மெல்ல நீள்வட்டமாகிறது.

எனவே ஓரிடத்தில் அளந்தால் போதாது. மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களில், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும், துவாரங்களின் வாய்களைத் தவிர்த்து, போர் கேஜினால் ஆறு அளவுகள் எடுத்தோம். மேலே முன்பின்னாக 50.63, பக்கவாட்டில் 50.58, நடுவில் 50.60, 50.56; கீழே 50.55, 50.54. கூம்பல் 0.08, வட்டப் பிசகு 0.05. தலைமயிரின் தடிமனை ஒத்த இந்தச் சிறு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விட்டம் 0.08 கூடினால் வளையத்தின் முனை இடைவெளி அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக, 0.25 மி.மீ. அளவு விரியும். வளையத்தை மேலும் கீழும் வைத்து ஃபீலர் கேஜால் சோதித்தபோது அவ்வாறே இருந்தது. அழுத்தம் கசிந்த வழி புலனாயிற்று.

புகைபோக்கி வாயின் பக்கத்தில் செங்குத்தாக ஒரு கீறல் தெரிந்தது. 2003இல் தஞ்சாவூர் சாலையில் வண்டி 'ஜாம்' ஆகி, தந்தையார் ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்த கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். அந்தத் தழும்பு ஆழமெனில் அடுத்த படியும் போதாது. பட்டறைக்காரர் நீர்த்த அமிலத்தைத் துணியில் தொட்டு ஒற்றினார். நுரைத்தது. பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் ஒட்டியிருந்தது. அது கரைந்ததும் கீழே இரும்பு ஏறக்குறைய முழுதாக இருந்தது. குறையென்று நாங்கள் நினைத்தது, மேலே படிந்த மிகை.

சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பல ஏடுகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். சிதைவு எது, எழுதியவர் கைப்பிழை எது, பின்னாளில் ஒட்டியது எது என்று பிரித்தறியாமல் திருத்தத் துணிபவர் மூலத்தை இழப்பார். ஏட்டிலாவது வேறொரு பிரதி கிடைக்கலாம். அராவிய துவாரத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

தம்பி மகன் கணக்குப் போட்டான். நிமிடத்துக்கு 7,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 12.5 மீட்டர், அவன் கனவு கண்ட 10,000 சுற்றில் ஏறத்தாழ 16.7 மீட்டர். வேகம் கூடினால் வெப்பமும் தேய்மானமும் கூடும். இரண்டே படிகள் எஞ்சிய துளை அதை எத்தனை காலம் தாங்கும்? யாரும் அவனுக்கு உபதேசிக்கவில்லை. "பெரியப்பா, பந்தயத்துக்கு வேற சிலிண்டர் வாங்கிக்கிறேன், இது தாத்தாவோடதா இருக்கட்டும்" என்று அவனே சொன்னான். தம்பி பதில் பேசவில்லை. பிஸ்டன் வாங்கப் பணத்தை எடுத்து நீட்டினார்.

பிஸ்டனைக் கையில் வாங்கி, அதன் அளவை எடுத்த பிறகே 0.75க்குப் போர் போட்டோம். துவாரங்களின் உயரத்தைத் தொடவில்லை; வளையம் சிக்காதிருக்க விளிம்புகளின் கூர்மையை மட்டும் நீக்கி, எண்ணெய் தங்கக் குறுக்குக் கோடுகள் விழுமாறு ஹோனிங் செய்தோம். கொள்ளளவு 101 சி.சி. ஆயிற்று. இழந்த அழுத்தம் மீண்டதே பெரிய வேகமாக இருந்தது.

இன்னும் ஒரு படி மிச்சமிருக்கிறது. பழைய ஆறு அளவுகளையும் புதிய ஆறையும் தம்பி மகன் ஒரு தாளில் தேதியிட்டு எழுதி, வண்டியின் ஆர்சி புத்தக உறைக்குள் வைத்திருக்கிறான். அடுத்துத் திறப்பவர் யாராயினும் அதை வாசித்துவிட்டே அரத்தை எடுக்கவேண்டும் என்பது எங்கள் மூவரின் விருப்பம்.