நாக்கடி நீர்க்கட்டி: குப்பத்துக் குறிப்புகள்

திங்கள்

ஒருபக்கம் கோலார், மறுபக்கம் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர். ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு என்று மூன்று மாநிலமும் முட்டிக்கொள்ளும் மூலையில், ஆந்திரப் பக்கம் இருக்கிறது குப்பம். 2001இல் இங்கே பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி வந்தபிறகு, எல்லையோரக் கிராமத்தார் பெரிய வைத்தியத்துக்கு வேலூரையோ பெங்களூரையோ மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கும் இந்த வட்டாரத்தில், நாக்கடிக் கட்டிக்காரர் சொல்லும் தொந்தரவு எந்த மொழியிலும் ஒன்றுதான். நாக்கைத் தூக்கினால் அடியில் ஒரு பக்கமாகக் கொப்புளம் போல உப்பியிருக்கிறது, வலி இல்லை, சாப்பிடும்போது முட்டுகிறது, தானாக உடைந்து வழவழவென்று ஏதோ வடிந்தது, கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிட்டது.

மருத்துவர்கள் இதை ரானுலா என்கிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் அதிகம் வரும். பார்த்தவுடன் புற்றுநோயோ என்று வீடே கலங்கிவிடுகிறது. புகையிலை மெல்லும் ஊர்களில் அந்தப் பயம் இயல்பு. ஆனால் நீலம் பாய்ந்து, மெத்தென்று, உள்ளே நீர் தெரிவதுபோல் இருக்கும் கட்டியின் முகம் வேறு; கெட்டியாக, புண்ணாக, தொட்டால் ரத்தம் கசியும் தடிப்பின் முகம் வேறு. இரண்டாவது வகை இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

செவ்வாய்

நாக்கின் அடியில் இருபுறமும் இருக்கும் சுரப்பிகளுக்கு எடை மூன்று, நான்கு கிராம்தான். மூன்று ஜோடிப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளில் இதுதான் சிறியது. ஆனால் ஓயாது. உணவைக் கண்டால்தான் சுரப்பேன் என்று காத்திருக்காமல் எந்நேரமும் கோழையைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அது வெளியே வருவது மெல்லிய பல குழாய்கள் வழியாக. அடிபட்டோ, காரணமே தெரியாமலோ அதில் ஒன்று கிழிந்தால், வாய்க்குள் வர வேண்டிய கோழை சுற்றியுள்ள திசுவுக்குள் இறங்கித் தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் கட்டி. அதற்கென்று சொந்தமாக உள்தோல்கூடக் கிடையாது.

நோய் இருப்பது சுரப்பியில். கண்ணில் படுவது அதன் கசிவு மட்டும். இதைப் புரிந்துகொண்டால், ஊசியால் உறிஞ்சிய கட்டி ஏன் திரும்பத் திரும்ப நிறைகிறது என்பதும் புரிந்துவிடும்.

புதன்

பெரும்பாலும் கண்ணும் விரலும் போதும். ஒரு விரல் வாய்க்குள், மறுகை தாடைக்கு அடியில் என்று வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். நட்டநடுவில், பிசைந்த மாவு போல இருந்தால் டெர்மாய்டு கட்டி என்று சந்தேகம் வரும். சாப்பிடும் நேரத்தில் வீங்கி வலித்தால் உமிழ்நீர்க் குழாயில் கல். சின்னக் குழந்தையானால் நிணநீர்க் கட்டியையும் நினைக்க வேண்டும்.

ஏமாற்றுவது கழுத்துக்கு இறங்கும் வகை. வாயின் தரையாக விரிந்திருக்கும் மைலோஹயாய்டு தசையின் இடைவெளி வழியாகவோ, பின்விளிம்பைச் சுற்றியோ கோழை கீழே வழிகிறது. வாய்க்குள் ஒன்றுமே தெரியாது, தாடைக்குக் கீழே மட்டும் மெத்தென்ற வீக்கம். காசநோய்க் கழலை பழகிப்போன நம் பக்கத்தில் எண்ணம் முதலில் அங்கேதான் ஓடும். ஊசியில் வரும் நீர் முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபட்டு, சோதனையில் அமிலேஸ் என்ற உமிழ்நீர் நொதி கூடுதலாக இருந்தால் விடை கிடைத்துவிடும். அல்ட்ராசவுண்ட் முதல் படி, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியிலிருந்து சுரப்பியை நோக்கி ஒரு வால் நீள்வது தெரிந்தால் சந்தேகம் தீரும்.

வியாழன்

இந்தக் கட்டியோடு மனிதர் போராடியது நெடுங்கதை. நாக்கின் நுனி போலவே அடியில் எழும்பி எச்சில் ஒழுகவைக்கும் வீக்கத்தை சுஸ்ருத சம்ஹிதை உபஜிஹ்விகா என்று குறித்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை வைத்தியர் ஆம்ப்ருவாஸ் பாரே, மூளையிலிருந்து கபம் இறங்கித் தேங்குவதாக நினைத்தார். கட்டியின் மேல்தோலைத் திறந்து ஓரங்களைத் தைத்துவிடும் முறை வெகுகாலம் வழக்கில் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1969இல் கட்டோன், மெரில், ஹென்னி என்ற மூவர் எழுதிய கட்டுரைதான் சுரப்பியையே எடுத்துவிடுங்கள் என்று அழுத்திச் சொன்னது.

சீனாவின் வூஹானில் 580 ரானுலாக்களைப் பின்னோக்கி ஆராய்ந்து 2004இல் வெளியான கணக்கு இன்னும் தெளிவு. திறந்து தைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கட்டி திரும்பியது. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் பாதிக்கும் மேல். சுரப்பியை எடுத்தபோது சுமார் 1.2 சதவீதம்தான்.

கூலி விட்டு, பஸ் ஏறி, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சாதாரணமல்ல. மறுபடி மறுபடி ஊசி குத்திக்கொண்டு திரும்புவதைவிட, ஒருமுறை முழு மயக்கத்தில் சரியான அறுவை என்பதே அவர்களுக்குச் செலவும் குறைவு, துன்பமும் குறைவு.

சனி

அறுவை வாய்க்குள்ளேயே நடக்கிறது. கழுத்துக்கு இறங்கிய கட்டிக்கும் பெரும்பாலும் வெளியே கீற வேண்டியதில்லை. ஊற்றான சுரப்பியை எடுத்துவிட்டால் கழுத்து வீக்கம் வற்றிவிடும். கவனமெல்லாம் இரண்டின் மேல். ஒன்று, சுரப்பியை ஒட்டி ஓடும் வார்ட்டன் குழாய், அதாவது தாடையடிச் சுரப்பியின் உமிழ்நீர்க் குழாய். மற்றது, அதைக் கடந்து செல்லும் நாக்கு நரம்பு. நரம்பு சீண்டப்பட்டால் நாக்கின் அந்தப் பக்கம் மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும், அபூர்வமாக நிலைத்துவிடுவதும் உண்டு. எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது அவசியம்.

எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. பால் குடிக்கவும் மூச்சுவிடவும் தடை இல்லாத கைக்குழந்தைக்குச் சில மாதம் பொறுத்தால் தானே மறைவதுண்டு. ஜப்பானில் ஓகே-432 என்ற மருந்தைக் கட்டிக்குள் செலுத்திச் சுருங்கவைத்திருக்கிறார்கள்.

சுரப்பி போனால் வாய் வறண்டுவிடாதா என்று கேட்கிறார்கள். வறளாது, மற்ற சுரப்பிகள் போதும். முதல் சில நாளுக்கு ஆறவைத்த ராகிக்கூழ், மோர்ச்சோறு, சாப்பிட்டதும் வாய் கொப்பளித்தல். ஊறுகாயும் சூடான களியும் பிறகு. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடுமுன் குடும்பத்தார் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது: “டாக்டர், கட்டியை மட்டும் எடுக்கறீங்களா, சுரப்பியையும் சேர்த்தா?”