மணியடித்து வரும், சொல்லாமற் போகும்

தொலைபேசி அழைப்பு ஊரறிய மணியடித்துக்கொண்டு வருகின்றது. போகும்போதோ சொல்லிக்கொள்ளாமற் போய்விடுகின்றது. வீட்டில் இதனாலே தொல்லை யாதுமில்லை. எதிர்முனையிலுள்ளவர் "சரி, வைக்கிறேன்" என்றதும் நாமும் வைத்துவிடுகிறோம். கந்தோர்ச் சுவரிலே மாட்டியிருக்கும் இணைப்புப் பெட்டிக்குத்தான் சங்கடம். அதற்கு வார்த்தை விளங்காது. எங்கள் தொழிலில் 'டிரங்க்' என்று சொல்லும் வெளி லைன்களில் என்ன மின்சாரம் ஓடுகின்றது, என்ன ஒலி கேட்கின்றது என்பவற்றைக்கொண்டே அது யாவற்றையும் ஊகிக்க வேண்டும்.

2009ஆம் ஆண்டில் கொழும்பு, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். அங்கே ஆறு லைன்கள். காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்; நண்பகலாகும்போது நான்கில் விளக்கு எரிந்தபடியே நிற்கும். வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சரக்குக் கேட்கும் கடைக்காரர்கள் 'எங்கேஜ்' ஒலியைக் கேட்டுச் சலித்து வேறிடம் பார்த்துக்கொள்வார்கள். தொலைபேசியிலிருக்கும் பெண் வீண்கதை பேசுகிறாள் என்பது முதலாளியின் முடிவு. மாத முடிவில் அவளை நிறுத்திவிடுவதாகவும் சொல்லியாயிற்று. மலைநாட்டிலிருந்து வந்து, அச்சம்பளத்தில் தம்பியைப் படிப்பிக்கும் பெண் அவள். "நான் ஒருவரோடும் பேசவில்லை, ஐயா. விளக்குத்தான் அணையமாட்டேன் என்கிறது" என்றாள்.

ஒரு லைனில் மீற்றரைப் பிடித்துப் பார்த்தேன். சும்மா கிடக்கும்போது 48 வோல்ற் அளவில் காட்டியது. பேச எடுத்ததும் பத்துக்குக் கீழே இறங்கியது. அழைத்தவர் வைத்த பின்பும் அப்படியே நின்றது. சில தொலைபேசி நிலையங்கள் அழைப்பு முடிந்ததும் மின்னோட்டத்தைக் கணநேரம் துண்டிக்கும், அல்லது அதன் திசையை மாற்றும். இங்கே இரண்டும் இல்லை. வந்தது 'எங்கேஜ்' ஒலி மாத்திரமே. பெட்டியோ அமெரிக்க வழக்கத்துக்கு அமைத்து விற்கப்பட்டது. அங்கே அவ்வொலி 480, 620 ஹேட்ஸ் என்னும் இரு சுருதிகளின் கலப்பு. எங்கள் லைனில் வந்தது ஒற்றைச் சுருதி. காத்திருக்க வைக்கப்பட்ட வாடிக்கையாளர் அலுத்துப்போய் வைத்துவிட, பெட்டி அந்தச் சுருதியைப் பேச்சென்று எண்ணி, ஆளில்லாத லைனுக்குப் பாட்டு இசைத்துக்கொண்டிருந்தது!

ஒலியின் சுருதியையும், விட்டுவிட்டு ஒலிக்கும் கால அளவையும் அளந்து பெட்டிக்குக் கொடுத்தேன். எத்தனை முறை கேட்டால் துண்டிப்பது என்பதிலேதான் நிதானம் வேண்டும். மிகக் குறைத்து வைத்தால், யாரோ ஒருவருடைய குரலையே அவ்வொலியென்று மயங்கிப் பேச்சின் நடுவில் அறுத்துவிடும். நான்கு முறை என்று வைத்தேன்.

இன்னொன்றையும் திருத்தினேன். தொலைபேசி நிலையம் ஒரு லைனில் அழைப்பொன்றைச் செலுத்தியபின், மணி ஒலிக்குமுன் பெட்டி அதே லைனை வெளியே பேச எடுத்துவிட்டால், அறிமுகமில்லாத இருவர் முட்டிக்கொள்வார்கள். அமெரிக்காவில் இதைத் தவிர்க்கவே பெருங் கந்தோர்கள் 'கிரவுண்ட் ஸ்டார்ட்' முறையைக் கைக்கொண்டன: லைனைப் பிடித்த கணமே ஒரு கம்பியை நிலத்தோடு தொடுத்து மறுமுனைக்கு அறிவித்துவிடுவது. எமக்கு அவ்வசதி இருக்கவில்லை. நிலையம் முதலாம் லைனிலிருந்து அழைப்புகளை நிரப்பி வந்தது. ஆகவே வெளியே போவனவற்றை ஆறாம் லைனிலிருந்து கீழிறங்கி எடுக்கச் செய்தேன்.

மறுநாள் மாலைவரை ஒரு விளக்கும் வீணே எரியவில்லை. முதலாளி அப்பெண்ணை நிறுத்தவில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லவுமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்று பல கந்தோர்களில் செப்புக் கம்பி போய் இணையவழித் தொலைபேசி வந்துவிட்டது. 1999இல் வெளியான அதன் 'சிப்' விதிமுறையின்படி, பேச்சை முடிப்பவர் பக்கத்திலிருந்து 'பை' என்றொரு செய்தி எழுத்திலேயே போகின்றது. மறுபக்கம் 'ஓகே' என்று பதில் அனுப்பிவிட்டு லைனை விடுகின்றது.