‘தி பிக் கன்ட்ரி’யும் அம்மாவின் கிணறும்!

வெஸ்டர்ன் படம் என்றால் குதிரை, தொப்பி, டுமீல் டுமீல் என்றுதான் நினைத்திருந்தேன். 1958-ல் வில்லியம் வைலர் இயக்கிய ‘தி பிக் கன்ட்ரி’யில் அதெல்லாம் இருக்கிறது. ஆனால், ரெண்டே முக்கால் மணி நேரமும் அடித்துக்கொள்வது தண்ணீருக்காக!

மேஜர் டெர்ரில், ரூஃபஸ் ஹெனசி என்று ரெண்டு பெரியவர்கள். ரெண்டு பேரிடமும் மாடுகள். நடுவில் ‘பிக் மட்டி’ என்ற நிலம், அதில் ஓர் ஆறு. நிலம் ஜூலி என்ற டீச்சருக்குத் தாத்தா வழியில் வந்தது. ‘ரெண்டு பேர் மாடும் குடிக்கட்டும்’ என்று விட்டிருக்கிறார். அவர்களோ, எப்படியாவது அதைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள். ஹெனசி, தன் மகனுக்கு ஜூலியைக் கட்டிவைத்தாவது நிலத்தைப் பிடிக்கத் துடிக்கிறார். ஹெனசியாக நடித்த பர்ல் ஐவ்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. நியாயம்தான். ஹீரோ கிரிகரி பெக் எனக்குக் கொஞ்சம் ஓவர் நல்லவராகத் தெரிந்தார்!

காந்திபுரம் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, “காங்கேயத்துல நடக்கறதயத்தான் இங்கிலீசுல எடுத்து வெச்சிருக்கறான்” என்றார்.

அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதில் மேயும் காங்கேயம் மாடுகள். பி.ஏ.பி வாய்க்கால் பாசனத்தை நாலு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒருமுறை தண்ணீர் வந்தால், அடுத்த முறைக்கு ஏறக்குறைய ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் கிணறுதான் கதி.

அந்தக் கிணறு இப்போது அம்மா பங்கில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-ல் வந்த சட்டத்திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது அதற்குப் பிறகு. பாகப்பிரிவினையில் ரெண்டு மாமன்களின் காட்டுக்கு நடுவில் ஒரு துண்டு அம்மாவுக்கு வந்தது, கிணற்றோடு. மாமன்கள் நாள் முறை வைத்து மோட்டார் ஓட்டுகிறார்கள். ஒருத்தர் முறையில் மற்றவர் ஒரு மணி நேரம் கூட ஓட்டினார் என்று போன வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதிலிருந்து ரெண்டு பேரும் தனித்தனியாகக் கூப்பிடுகிறார்கள். “பொறந்தவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடு அம்மிணி, சீரு செனத்தியெல்லாம் நாங்க கொறையில்லாமச் செய்யறோம்!”

படத்தில் ஜூலி நிலத்தை ஹீரோவுக்கு விற்கிறார். ‘ரெண்டு பேருக்கும் தண்ணீர் விடுவேன்’ என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான். அப்படியும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“அவளே வெச்சிருந்துட்டு, அவளே தண்ணி உட்டா என்னவாமா?”

கடைசியில் கிழவர்கள் ரெண்டு பேரும் பாறைகளுக்கு நடுவே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு விழுகிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பெரிய மாமனுக்கு போன் போட்டார். “ஏனுங்ண்ணா, சாப்டாச்சுங்ளா?” என்று ஆரம்பித்து, “பத்திரத்துல நாங் கையெழுத்துப் போடறதா இல்லீங்ண்ணா. மோட்டார நீங்க ரெண்டு பேரும் எப்பவும்போல ஓட்டிக்கோங்க” என்றார். வைத்துவிட்டு, அதையே சின்ன மாமனுக்கும் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒரு போன்கூட இல்லை.