இனிக்கின்ற மருந்து

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

இருமல் நோயன்று, நோயின் அறிகுறி. மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியே தள்ள உடல் செய்துகொண்ட ஏற்பாடு அது. வீட்டைக் காக்கும் நாய் இரவில் குரைக்கிறது என்பதற்காக அதன் வாயைக் கட்டுவோமா? ஆனால் குழந்தை நான்கு முறை இருமினால் நம் கை மருந்துப் பாட்டிலைத் தேடுகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சென்ற மழைக்காலத்தில் அக்காவின் ஒன்றரை வயது மகனுக்குச் சளி பிடித்தது. அப்பாவுக்கு வாங்கியதில் மீதியிருந்த மருந்தை அம்மா சர்க்கரை ஸ்பூனில் ஊற்றினார். நான் தடுத்தேன்.

"அரை ஸ்பூன்தானே கண்ணு? குடிச்சா நல்லாத் தூங்குவான்" என்றார்.

அந்தத் தூக்கத்தைத்தான் நாம் குணம் என்று எண்ணிவிடுகிறோம். இத்தகைய மருந்துகள் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமைன் தூக்கத்தை வரவழைக்கும். சளிக்குக் காரணமான கிருமியை அது தொடுவதே இல்லை. பினைலெப்ரினோடு அது சேர்ந்த கலவையை 4 வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்தது. 2 வயதுக்கு உட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளே வேண்டாம், 5 வயது வரையிலும் பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் கூறியது.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் குழந்தையின் சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். அந்த வயதில் நிமிடத்திற்கு 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலாவின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே வரவேண்டும் என்றார். மற்றபடி தாய்ப்பாலும் வெதுவெதுப்பான நீருமே போதும் என்று அனுப்பிவிட்டார். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேனும் ஆகாது என்பதை அன்றுதான் அக்கா அறிந்தாள்.

வேதியியல் படிக்கும் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவங்கள் பயன்படுகின்றன. டைஎத்திலீன் கிளைக்கால் பார்வைக்கு அதைப் போலவே நிறமற்றது, சுவையில் இனிப்பது, ஆனால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. 1937-இல் அமெரிக்காவில் ஒரு மருந்தை இதில் கரைத்து விற்றதால் 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக, பாதுகாப்பை மெய்ப்பித்த பின்னரே புதிய மருந்தை விற்க வேண்டும் என்ற சட்டம் 1938-இல் அங்கே பிறந்தது. ஆயினும் 2022-இல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் மடிந்தனர். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அவர்களுக்குத் தந்த இருமல் மருந்து நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. இந்த நஞ்சு 0.1 சதவீதத்திற்கு மேல் இருக்கலாகாது; தமிழக அரசின் ஆய்வில் 48.6 சதவீதம் இருந்தது! ஏறத்தாழ பாதிப் பாட்டில் நஞ்சு.

தோழர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பாட்டிலில் உள்ள சிற்றெழுத்துகளைப் படித்து வயதையும் அளவையும் காலாவதி நாளையும் சொல்ல நம் தெருவில் நம்மை விட்டால் ஆளில்லை. ஆனால் சிந்த்வாராவின் அந்தப் பாட்டிலில் எழுதியிருந்ததை எந்தப் பட்டதாரி படித்திருந்தாலும் நஞ்சு தெரிந்திருக்காது. அதை ஆய்வுக்கூடம்தான் காட்ட வேண்டும். ஒவ்வொரு தொகுதி மருந்தையும் விற்பனைக்கு முன் சோதிப்பது தயாரிப்பாளரின் கடமை. அதைக் கண்காணிப்பது அரசின் கடமை. தேவையில்லாத மருந்தைக் குழந்தையின் வாயில் ஊற்றாதிருப்பது நம் கடமை. அதை நம் தாய்மாருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வோம். நாம் கற்ற கல்விக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன?