சுரங்கத்தின் அந்தப் பக்கம்

2023 கடைசியில் கிளாக்ஸ்விக் ரசிகர்கள் தங்கள் அணியின் ஹோம் மேட்ச் பார்க்க இரண்டு முறை கடலுக்கு அடியில் போக வேண்டியிருந்தது. ஐரோப்பியக் குரூப் ஆட்டங்கள் சொந்த மைதானத்தில் நடக்கவில்லை, தலைநகர் டோர்ஷாவ்னில்தான் நடந்தன. வழியில் இரண்டு கடலடிச் சுரங்கப்பாதைகள். இரண்டாவதுக்குள்ளே ஒரு ரவுண்டானா வேறு.

ஃபேரோ தீவுகளின் மக்கள்தொகை சுமார் 54,000. மொத்த நாட்டையும் வெம்ப்ளியில் உட்காரவைத்தாலும் காலி நாற்காலிகள் நிறையத் தெரியும். ஆனால் முதல் டிவிஷனில் பத்து அணிகள். எல்லோரும் எல்லோரோடும் மூன்று முறை மோதுவார்கள், ஆளுக்கு 27 ஆட்டம். மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடியும். செயற்கைப் புல், மழை, காற்று. ஆடுபவர்களில் பலருக்கு மறுநாள் காலை வேலைக்குப் போகணும்.

அந்த ஜூலையில் கிளாக்ஸ்விக் புடாபெஸ்ட் போய் ஃபெரன்ஸ்வாரோஷை 3-0 என்று அடித்தது. தோற்ற அணியின் கோச் செர்சசோவுக்கு வேலை போனது. அடுத்து ஸ்வீடனின் ஹாக்கனைப் பெனால்டியில் வென்றார்கள். பிறகு இரண்டு சுற்றில் தோற்றும், கான்ஃபரன்ஸ் லீக் குரூப்புக்குள் நுழைந்தார்கள். ஒரு ஃபேரோ கிளப் அங்கே போனது அதுதான் முதல் தடவை. ஒலிம்பியாவோடு 3-0, பிரான்ஸின் லீலோடு 0-0. ஊரில் லீக் பட்டமும் தொடர்ந்து மூன்றாவது முறையாக அவர்களுக்கே.

எல்லோரும் இதை தேவதைக் கதை மாதிரி எழுதினார்கள். நானும் ராத்திரி இரண்டாவது மானிட்டரில் ஸ்ட்ரீமைப் போட்டுக்கொண்டு கத்தினவன்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. குரூப்புக்குள் நுழைந்தாலே 29.4 லட்சம் யூரோ. இவ்வளவு சின்ன லீக்கில் அத்தனை பணம் ஒரே கிளப்பிடம் போய்ச் சேர்ந்தால் மற்ற ஒன்பது பேர் என்ன செய்வார்கள்? பெலாரூஸில் பார்த்ததுதானே. சாம்பியன்ஸ் லீக் வரை போய்வந்த பாட்டே, 2006 முதல் 2018 வரை தொடர்ந்து 13 முறை சாம்பியன். யார் ஜெயிப்பார்கள் என்று மார்ச்சிலேயே தெரிந்துவிட்டால் 27 ஆட்டத்தை எதற்குப் பார்க்கணும்? ஐரோப்பிய இரவுகளை மட்டும் பார்க்கிற நண்பர்களுக்கு இந்தக் கவலை புரியவில்லை. அவர்களுக்கு லீக் என்பது அந்த இரவுக்கான நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான்.

2024இல் கிளாக்ஸ்விக் சாம்பியன் ஆகவில்லை. பட்டம் வீக்கிங்குருக்குப் போனது. 2008இல் கோட்டா, லேர்விக் என்ற இரண்டு ஊர்களின் கிளப்புகள் சேர்ந்து உண்டான அணி அது.

மேப்பில் தேடிப் பார்த்தேன். கிளாக்ஸ்விக்கிலிருந்து கிளம்பி முதல் சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்தால், எதிரே இருக்கிற ஊர் லேர்விக்.