போட்டோவை ஸ்கெட்ச் ஆக்கப் போய்...

மக்களே, எனக்குப் படம் வரைய வராது. பள்ளிக்கூடத்தில் யானை வரைந்தால் கீழே 'யானை' என்று எழுதியும் வைக்கணும், அந்த லட்சணம். அப்படிப்பட்டவனுக்குப் போன வாரம் ஓவியர் ஆசை வந்துடுச்சு. காரணம், பீரோவைக் குடையும்போது கிடைத்த ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ.

1974. கல்யாணமான புதுசு. நம்ம புதுச்சேரி பீச் ரோட்டில், மேரி கட்டிடத்துச் சுவரோரம் அப்பாவும் அம்மாவும் நிற்கிறார்கள். அப்பா இப்போ இல்லை. அந்த மேரி கட்டிடமும் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021ல் திறந்தாங்க. இந்தப் போட்டோவைப் பென்சில் ஸ்கெட்ச்சாக்கி, ஃபிரேம் போட்டு அம்மாவுக்குக் கொடுக்கலாம்னு உட்கார்ந்தேன்.

மென்பொருள், கிம்ப். 1995ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் ஆரம்பித்தது. காசு கிடையாது, அதனாலேயே நமக்கு நெருக்கம் :-)

செய்முறை இவ்வளவுதான்:

1. ஸ்கேன் செய்த படத்தைத் திறந்து டீசாச்சுரேட் பண்ணுங்க. பழுப்பு போயிடும்.
2. லேயரை டூப்ளிகேட் பண்ணுங்க.
3. மேல் லேயரை இன்வர்ட் பண்ணினால் நெகட்டிவ் மாதிரி ஆகும்.
4. அதன் மோடை 'டாட்ஜ்' என்று மாற்றுங்க. படமே வெள்ளையாகிடும், பயப்படாதீங்க.
5. அதே லேயருக்கு காஸியன் ப்ளர் கொடுங்க. அளவைக் கூட்டக் கூட்ட, வெள்ளைத் தாளில் கோடுகள் எழும்பி வரும்.

டாட்ஜ் என்பது இருட்டறைக் காலத்து வார்த்தை. பிரிண்ட் போடும்போது வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் மறைத்து அந்த இடத்தை வெளுப்பாக்குவார்கள்.

அம்மாவின் புடவைப் பூக்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஜன்னல் வந்தது. சுவரில் இருந்த ஈரக்கறைகூட அழகா வந்தது. பெருமையோட அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"அப்பா எங்கடா?"

அப்போதான் கவனிச்சேன். தலைமுடி, மீசை, கைக்கடிகாரம், செருப்பு. நடுவுல ஆளைக் காணோம்! வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னாடி வெயில் பட்ட வெள்ளைச் சுவர்.

காரணம் எளிமையானது. இந்த முறையில் ஒரு புள்ளி, தன்னைச் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியைவிடக் கறுப்பாக இருந்தால்தான் கோடாகும். இல்லையென்றால் வெள்ளை. வெள்ளை மேல் வெள்ளைக்கு அது என்ன பண்ணும்? ப்ளரை ஏற்றிப் பார்த்தேன், அம்மா முகம் கறுத்ததுதான் மிச்சம். பர்ன் டூலால் அந்த இடத்தைக் கறுப்பாக்கினேன், சட்டையும் சுவரும் சேர்ந்தே சாம்பலாச்சு. போட்டோவிலேயே பதியாத விளிம்பை எந்த டூலும் கொண்டுவராது.

கடைசியில் அப்படியே பிரிண்ட் எடுத்து, பென்சிலைக் கையில் எடுத்தேன். யானை வரைந்த அதே கை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைஞ்சேன்.

"தோள் அவ்வளவு அகலம் இல்லடா. வேட்டியோட இடது நுனியைக் கையில தூக்கிப் பிடிச்சிருப்பாரு, கடற்கரை மணல் ஒட்டும்னு. சட்டைப் பையில சில்லறை கனக்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் தொங்கும்."

இது எதுவும் போட்டோவில் தெரியாது. எனக்கும் தெரியாது.

கோடு கோணல்தான். அழித்து அழித்துத் தாள் ஒரு இடத்தில் தேய்ந்தேபோச்சு. கம்ப்யூட்டரிலேயே சரியா ஒண்ணு செஞ்சு தரேன்னு சொன்னேன். அம்மா கேட்கலை.

"இதையே மாட்டு. உயரம் மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு, பரவால்ல. அவருக்கு அந்த ஆசை இருந்துச்சு."